ரோலின் கடைசி மூன்று படங்கள்

ஊரில் ஒரு சாவு என்றால், சங்கு ஊதுகிறவருக்குச் சொல்லிவிட்ட கையோடு ஸ்டூடியோக்காரனுக்கும் சொல்லிவிடுவார்கள். விடிவதற்குள் யாராவது வந்து ஷட்டரைத் தட்டுவார்கள். கையில் செல்போன் இருக்கும். இல்லாவிட்டால் கல்யாண ஆல்பத்திலிருந்து பிய்த்தெடுத்த படம் ஒன்று. “அண்ணாச்சி, அப்பா படம் பெருசா ஒண்ணு போடணும். பத்து மணிக்குள்ள வேணும்.” வாங்கிப் பார்த்தால் மணமேடையில் ஒரு கூட்டமே நிற்கும். கடைசி ஆளாக, பாதித் தோள் மறைந்து, கண்ணைச் சிமிட்டிய நேரத்தில் மாட்டிக்கொண்டவராக அவர் இருப்பார். முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, மூடிய கண்ணைத் திறந்து, வெள்ளைச் சட்டை மாட்டி, பின்னால் நீலம் அடித்துக் கொடுத்துவிடுவேன். அந்தப் படமும் கிடைக்காத வீடுகளில் ஆதார் அட்டையைக் கொண்டுவருவார்கள். ஆதார் படத்தில் உயிரோடு இருக்கிறவர்களையே அடையாளம் தெரியாது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

பதினாறாம் நாள் முடிந்ததும் அதே ஆட்கள் இன்னொரு முறை வருவார்கள். இப்போது அவசரம் இருக்காது. ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். “இது எங்கப்பா மாதிரியே இல்ல அண்ணாச்சி. வேற படம் ஏதாவது உங்ககிட்ட கெடக்குமா?”

அவர்கள் தேடுவது எது என்று எனக்குத் தெரியும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுப் பஞ்சர் பார்க்கிற அப்பா. திண்ணையில் காலை நீட்டி வெற்றிலை இடிக்கிற ஆச்சி. ஈரத்தலையை முடிந்துகொண்டு, வாசல்படியில் நின்று, பள்ளிக்கூடம் போகிற பையன் வாயில் கடைசி உருண்டையைத் திணிக்கிற அம்மா. முப்பது வருஷம் அந்த வீட்டில் தினமும் நடந்த காட்சிகள் இவை. ஒரு படம்கூட இருக்காது. காதுகுத்து இருக்கும், சடங்கு இருக்கும், கல்யாணம் மூன்று ஆல்பமாக இருக்கும். விசேஷமெல்லாம் பத்திரமாக இருக்கிறது. அந்த விசேஷத்துக்கு நடுவில் மனுஷன் வாழ்ந்த நாளைத்தான் காணோம்.

இதற்கு யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. படம் எடுப்பது என்பது அப்படித்தான் வளர்ந்தது. 1839இல் பிரான்சில் டாகுவேர் தன் முறையை வெளியிட்டபோது, ஒரு படம் விழ நிமிஷக்கணக்கில் ஆனது. உட்கார்ந்தவர் அசையாமல் இருக்க, கழுத்துக்குப் பின்னால் இரும்புக் கவை ஒன்றை முட்டுக்கொடுத்து நிறுத்தினார்கள். ஆடாமல் அசையாமல், சிரிக்காமல் விறைத்து உட்காரும் பழக்கம் அங்கே தொடங்கியது. இரும்புக் கவை போய் நூறு வருஷத்துக்கு மேலாகிறது. விறைப்பு மட்டும் போகவில்லை. 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் நூறு படம் எடுக்கக்கூடிய கோடாக் பெட்டியை விற்கத் தொடங்கினார். எடுத்து முடித்ததும் பெட்டியையே கம்பெனிக்கு அனுப்பினால், படத்தைக் கழுவி, புது ஃபிலிம் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். 1900இல் அதே கம்பெனி ஒரு டாலருக்கு பிரவுனி கேமரா கொண்டுவந்தது. அமெரிக்காவில் வீட்டுக் கொல்லையும் நாய்க்குட்டியும் குளித்துவிட்டு ஓடும் பிள்ளையும் படமாகத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

நமக்கு அந்தக் காலம் வர ரொம்ப நாளாயிற்று. அறுபதுகளில் என் அப்பா அம்பாசமுத்திரத்தில் ஸ்டூடியோ போட்டபோது, வெளிநாட்டு ஃபிலிமுக்கு இறக்குமதிக் கட்டுப்பாடு. ஊட்டியில் 1960இல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசுக் கம்பெனி தொடங்கினார்கள். 1967இல் அங்கே உற்பத்தி ஆரம்பித்து, ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் பேப்பரும் எக்ஸ்ரே ஃபிலிமும் வந்தன. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையின் முகம் ஊட்டிக் குளிரில் தயாரான அந்தப் பேப்பரில்தான் பதிந்து கிடக்கிறது. இப்போது அந்தத் தொழிற்சாலை இல்லை. அங்கே வேலை பார்த்தவர்கள் குடியிருந்த இடத்துக்கு இந்து நகர் என்ற பெயர் மட்டும் நிற்கிறது.

அந்த நாளில் ஊருக்குள் கேமரா வைத்திருந்த ஓரிருவரிடம் இருந்தது ஆக்ஃபா கிளிக் III. பரோடாவில் தயாரானது. 120 ரோல் போட்டால் பன்னிரண்டு சதுரப் படம். பார்க்க லட்சணமான பெட்டி. ஆனால் லென்ஸின் வாய் சின்னது, ஃபிலிமின் வேகமும் குறைவு. வெயிலில் கொண்டுவந்து நிறுத்தினால்தான் படம் விழும். அடுக்களைக்குள்ளோ நடுவீட்டு நாற்பது வாட்ஸ் பல்பிலோ எடுத்தால் நெகட்டிவ் வெறும் கண்ணாடியாகத்தான் வரும். ஆக, அம்மாவை அடுக்களையில் எடுக்க வேண்டும் என்று யாராவது ஆசைப்பட்டிருந்தாலும் அந்தக் கேமராவால் முடிந்திருக்காது. எல்லோரையும் முற்றத்துக்குக் கூப்பிடுவார்கள். முற்றத்துக்கு வருகிறவர்கள் முகம் கழுவி, பவுடர் போட்டு, பெட்டியிலிருந்து பட்டை எடுத்துக் கட்டிக்கொண்டுதான் வருவார்கள். பன்னிரண்டே படம். அதில் ஒன்றை ஆச்சி அரிசி புடைப்பதற்குச் செலவழிக்க யாருக்கு மனசு வரும்?

ஸ்டூடியோவிலும் அதே கதைதான். பெண்பிள்ளைக்குத் தாழம்பூ வைத்துச் சடை தைத்து அழைத்து வருவார்கள். பின்னால் ஒரு நிலைக்கண்ணாடி வைப்போம், முகமும் சடையும் ஒரே படத்தில் வரும்படி. ரேடியோவையோ டெலிபோனையோ பக்கத்து மேசையில் வைப்போம். எந்த வீட்டிலும் அது இருக்காது. மூன்று பேராக நின்றால் ஆகாது என்று பொம்மை ஒன்றைக் கையில் கொடுத்து நாலாக்குவோம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்காரர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, 1880 முதல் 1980 வரையான தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடிச் சேகரித்து ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். அருமையான வேலை. குடும்பங்கள் தங்களை ஊருக்கு எப்படிக் காட்டிக்கொள்ள ஆசைப்பட்டன என்பதற்கு அதைவிடச் சாட்சி வேறு வேண்டாம். ஆனால் வீட்டுக்குப் போனதும் அந்தப் பட்டைக் கழற்றி வைத்துவிட்டு என்ன செய்தார்கள் என்பது ஸ்டூடியோப் படத்தில் கிடைக்காது.

அது கிடைக்கிற இடம் ஒன்று உண்டு. தொழில்காரர்களுக்கு மட்டும் தெரிந்த இடம். முப்பத்தாறு படம் கொண்ட ரோலின் கடைசி மூன்று படங்கள்.

தொண்ணூறுகளில் கலர் ஃபிலிமும் மலிவான ‘பட்டனை அமுக்கு’ கேமராவும் வந்த பிறகு, வீட்டுக்கு வீடு கேமரா இல்லாவிட்டாலும் தெருவுக்கு ரெண்டு மூன்று இருந்தன. கோடாக் கேபி10 அப்போது சக்கைப்போடு போட்டது. கல்யாணத்துக்கோ கோயில் கொடைக்கோ ஒரு ரோல் வாங்கிப் போடுவார்கள். முப்பத்து மூன்று படத்தோடு கல்யாணம் முடிந்துவிடும். ரோலைப் பாதியில் வெளியே எடுக்க முடியாது, வெளிச்சம் பட்டால் போயிற்று. மிச்சத்தை வீணாக்கவும் மனசு வராது. படம் எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்கிற அவசரம் வேறு. அதனால் வீட்டுக்கு வந்து, கண்ணில் பட்டதை டக்கு டக்கென்று எடுத்து ரோலை முடிப்பார்கள்.

நான் லேப்பிலிருந்து வந்த நெகட்டிவை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கும்போது, கல்யாணம் முடிந்த இடத்தில் சட்டென்று வேறு உலகம் ஆரம்பிக்கும். தூங்குகிற பூனை. கிணற்றடியில் பல் தேய்க்கிற சித்தப்பா, வாயெல்லாம் நுரையோடு கையை ஓங்குகிறார். பந்தக்கால் பிடுங்கிய குழியை எட்டிப் பார்க்கிற இரண்டு குழந்தைகள். கல்யாணப் பாத்திரத்தைச் சாம்பல் போட்டு விளக்குகிற பெண்கள். கேமரா பிடித்தவர் யார் என்று கூடத் தெரியும், அவர் நிழல் தரையில் நீளமாக விழுந்திருக்கும். “அந்தக் கடைசிப் படமெல்லாம் பிரிண்ட் வேண்டாம் அண்ணாச்சி, சும்மா ரோலை முடிக்க எடுத்தது” என்பார்கள். ஒரு பிரிண்டுக்குக் காசு மிச்சம். நெகட்டிவைத் துண்டு துண்டாக வெட்டிக் கவரில் போட்டுக் கொடுப்போம். பல பேர் அந்தக் கவரை வாங்கிப் போகவே மாட்டார்கள். அப்படி விட்டுப்போன கவர்கள் என் ஸ்டூடியோவில் ஒரு பீரோ நிறைய இருக்கின்றன.

அதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆலங்குளம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், வளைகுடாவில் வேலை பார்க்கிறவர், அம்மா இறந்து ஊருக்கு வந்திருந்தார். தங்கச்சி கல்யாண ரோல் எங்களிடம்தான் கழுவியது என்று ஞாபகம் வைத்துக் கேட்டார். வருஷத்தைச் சொன்னார், தேடி எடுத்தேன். கல்யாணப் படங்களெல்லாம் அவரிடம் ஏற்கனவே இருந்தவை. கடைசியில் இருந்த மூன்றில் நடுப்படத்தை ஸ்கேன் செய்து திரையில் பெரிதாக்கினேன்.

நடையில் சுவரோடு சாய்ந்து அவர் அம்மா பீடி சுற்றிக்கொண்டிருக்கிறார். எங்கள் பக்கம் அது வீட்டுக்கு வீடு நடக்கிற வேலை. மடியில் சுளகு. சுளகின் ஓரம் பிய்ந்து, பழைய சேலைத் துண்டால் சுற்றித் தைத்திருக்கிறது. ஒரு பக்கம் தண்ணீர் தெளித்து ஈரத்துணியில் சுற்றிய இலைக்கட்டு, அதன் மேல் அளவுத் தகடு, கத்தரி. இன்னொரு பக்கம் தூள். இடது கையில் பாதி சுருண்ட பீடி. வலது கை நூலை இழுத்தபடி அந்தரத்தில் நிற்கிறது. பார்வை கையில் இல்லை. எதிரே, படத்தின் ஓரத்தில், வாய்ப்பாட்டு நோட்டோடு உட்கார்ந்திருக்கிற பேத்தியையோ மருமகளையோ பார்த்து ஏதோ அதட்டுகிறார். வாய் திறந்திருக்கிறது. கை தன் பாட்டுக்கு வேலை பார்க்கிறது. சுவரில் நாட்காட்டி, தேதியைக்கூடப் படிக்க முடிந்தது.

வந்தவர் முகத்தைப் பார்க்கவில்லை. “அந்தக் கத்தரி இன்னும் வீட்ல கெடக்கு அண்ணாச்சி” என்றார். அப்புறம் சுளகைத் தொட்டுக் காட்டினார். அந்தத் துணி தன்னுடைய அக்காவின் தாவணி என்றார். பீடிக்கடையில் கட்டு ஒப்படைக்கிற நாளின் அவசரம், இலை வெட்டும்போது தான் வாங்கிய அடி, தூள் நெடியில் அம்மாவுக்கு வந்த இருமல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். மணமேடையில் பட்டுப் புடவையோடு அதே அம்மா நின்ற படத்தைக் கையில் வைத்திருந்த இத்தனை வருஷத்தில், அந்தப் படம் அவரை ஒரு வார்த்தை பேச வைத்திருக்குமா என்பது சந்தேகம். எடுத்தவருக்கு ஃபோகஸ் தெரியாது, ஃபிரேம் தெரியாது, படம் லேசாகச் சாய்ந்தும் இருக்கிறது. அப்பா காலத்திலிருந்து இதே தொழில் பார்க்கிற குடும்பத்துக்காரன் நான் சொல்கிறேன், அந்த ரோலிலேயே உருப்படியான படம் அதுதான்.

அதில் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஆள் இருக்கிறார், அவர் இருந்த இடம் இருக்கிறது, கை செய்கிற வேலை இருக்கிறது, வேலைக்கான சாமான் இருக்கிறது, அவர் யாரோடு பேசுகிறார் என்பதும் இருக்கிறது. இந்த ஐந்தில் மூன்று சேர்ந்துவிட்டால் போதும், படம் பேசும். இன்றைக்குப் போனில் எடுக்கிற படங்களில் பெரும்பாலும் முதலாவது மட்டும்தான் இருக்கிறது. கை நீளத்துக்குள் போனைப் பிடித்து எடுக்கிற செல்ஃபியில் முகமே எல்லா இடத்தையும் அடைத்துக்கொள்கிறது. அகல லென்ஸ் கிட்டத்தில் வந்தால் மூக்கைப் பெரிதாக்கி, காதைப் பின்னால் தள்ளும். அது ஒரு புறம். பின்னால் இருந்தது வீடா, ஓட்டலா, ரயில்வே பிளாட்பாரமா என்பதே பத்து வருஷம் கழித்துத் தெரியாது.

வீட்டு வாழ்க்கையைப் படமெடுப்பது எளிய ஜனங்களின் வேலை என்றும் நினைத்துவிட வேண்டாம். பிரான்சில் ஜாக் ஆன்ரி லார்டீக் என்று ஒருவர் இருந்தார். 1894இல் பிறந்தவர். சிறுவனாக இருக்கும்போதே அப்பா கேமரா வாங்கிக் கொடுத்துவிட்டார். அண்ணன் செய்த விளையாட்டு வண்டிகள், மாடிப்படியிலிருந்து தாவுகிற உறவுக்காரப் பெண், குளிக்கிற தொட்டி, கடற்கரைப் பொழுது என்று தன் குடும்பத்தையே எடுத்துத் தள்ளினார். நூறுக்கு மேற்பட்ட ஆல்பங்களில் ஒட்டி, குறிப்பு எழுதி வைத்தார். 1963இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அந்தப் படங்களைக் காட்சிக்கு வைத்தபோது அவருக்கு வயது அறுபத்தொன்பது. பணக்கார வீடு, அதனால் பொழுது நிறைய இருந்தது என்பது உண்மைதான். நம்மூரிலேயே ஓர் ஆள் உண்டு. ஓவியர் அம்ரிதா ஷேர்கில்லின் அப்பா உம்ராவ் சிங் ஷேர்கில். சமஸ்கிருதம் படித்தவர், யோகம் பயின்றவர், படம் எடுப்பதில் பித்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 1954இல் இறக்கும்வரை மனைவியையும் இரண்டு பெண்களையும் தன்னையும் ஓயாமல் எடுத்தார். அம்ரிதாவின் ஓவியத்தை அறிந்த பலருக்கு, சிறுபெண்ணாக அவர் வீட்டுக்குள் இருந்த தோற்றம் கிடைத்தது அப்பாவின் கேமராவால்தான். இந்த இருவரும் படத்தை விற்றுப் பிழைக்கவில்லை. வீட்டுக்காக எடுத்தார்கள். நான் இவர்களைச் சொல்வது அதற்காகவே.

இப்போது சில குடும்பங்களில் ஒரு நாள் வீட்டுக்கு வந்து எடுத்துக் கொடுங்கள் என்று கூப்பிடுகிறார்கள். வெளியூரில் இருக்கிற பிள்ளைகள்தான் பெரும்பாலும் கேட்பது. அம்மா அப்பா திடமாக இருக்கும்போதே வேண்டும் என்கிறார்கள். கல்யாண வேலையைவிடக் கஷ்டமான வேலை இது. காரணம், நான் வருகிறேன் என்று தெரிந்ததும் வீடே விசேஷ வீடாகிவிடும். முதல் நாளே ஒட்டடை அடித்து, பெட்ஷீட் மாற்றி, டிவிக்கு மேல் பிளாஸ்டிக் பூ வைத்து, அம்மா பட்டோடு வாசலில் நிற்பார். “எய்யா, இந்தப் பக்கம் எடுக்காத, பாத்திரமெல்லாம் கெடக்கு.” அந்தப் பாத்திரத்துக்காகத்தான் நான் வந்தேன் என்று சொன்னால் சண்டைக்கு வருவார்.

இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். முதல் அரை மணி நேரம் அவர்கள் கேட்கிற மாதிரியே எடுப்பேன். நாற்காலி போட்டு, சாமி படத்துக்கு முன்னால், பேரன் பேத்தியோடு, எல்லாம். மனசு நிறைந்துவிடும். அதன் பிறகு கேமராவை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிடுவேன். பேசிக்கொண்டிருப்பேன். பட்டு கசகசக்கும். “அப்ப சரி, நான் மாத்திட்டு வாரேன், ஒலை கொதிக்குது” என்று உள்ளே போவார். வேலை அங்கேதான் ஆரம்பம். நைட்டிக்கு மேலே துண்டைப் போட்டுக்கொண்டு அரிவாள்மணையில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கும்போது, நான் எடுக்கட்டுமா என்று கேட்பேன். கேட்காமல் எடுப்பதில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நாலு பேரில் ஒருவர்தான் வேண்டாம் என்பார், மற்றவர்கள் “இதையா?” என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அடங்கி, கத்திக்கும் காய்க்கும் கவனம் திரும்பிய பிறகு பட்டனைத் தொடுவேன்.

கல்யாணத் தொழிலில் ‘கேண்டிட்’ என்று தனி ரேட் போட்டு ஒரு வகை நடக்கிறது. தற்செயலாக எடுத்தது போன்ற படம். பெண்ணை ஜன்னல் ஓரம் நிறுத்தி, கீழே பார், லேசாகச் சிரி, தோழி காதில் ரகசியம் சொல் என்று சொல்லிச் சொல்லி எடுப்பது. நானும் எடுக்கிறேன், சோறு போடுகிறது. ஆனால் அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன். பிள்ளை கீழே சிந்திய பாலை அம்மா துடைக்கிறாள். அழகாக இருக்கிறது என்று இன்னொரு முறை சிந்தச் சொன்னால் அது விளம்பரப் படம்.

நீங்களே எடுப்பதற்குப் பெரிய கேமரா தேவையில்லை, கையில் இருக்கிற போன் போதும். முதலில் லென்ஸைத் துடையுங்கள். பாதிப் படம் மங்கலாக வருவதற்குக் காரணம் போனின் விலை இல்லை, லென்ஸில் அப்பிய விரல் எண்ணெய். பருத்தி வேட்டி முனை போதும். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், அது நெற்றியை வெள்ளையடித்து, பின்னால் இருக்கிற வீட்டை இருட்டாக்கிவிடும். நம் வீடுகளில் நல்ல வெளிச்சம் வருவது வாசல் பக்கமும் ஜன்னல் பக்கமும். வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்து வந்தால் படம் தட்டையாக இருக்கும். பக்கவாட்டில் நின்று எடுத்தால் கன்னத்துச் சுருக்கமும் கைநரம்பும் எழும்பி வரும். காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் வீட்டில் வேலையும் நடக்கும், வெளிச்சமும் சாய்வாக இருக்கும்.

ராத்திரி டியூப்லைட்டில் எடுக்கும்போது படத்தில் பட்டை பட்டையாக வரி விழும். நம் கரண்ட் நொடிக்கு ஐம்பது சுற்று. விளக்கு நொடிக்கு நூறு முறை மங்கி எரிகிறது. கண்ணுக்குத் தெரியாது, வேகமான ஷட்டருக்குத் தெரியும். ஷட்டரைக் கையால் மாற்ற வசதி இருந்தால் 1/50 அல்லது 1/100இல் வையுங்கள், வரி போய்விடும். அந்த வேகத்தில் ஓடுகிற பிள்ளை கலங்கலாகத்தான் வரும். வரட்டுமே, ஓடுகிற பிள்ளைதானே.

தரையில் உட்கார்ந்திருப்பவரை நின்றுகொண்டு எடுக்காதீர்கள். நம் வீட்டு வேலையில் பாதி தரையில்தான் நடக்கிறது. மேலிருந்து எடுத்தால் உச்சந்தலையும் வகிடும்தான் கிடைக்கும். நீங்களும் சம்மணம் போட்டு உட்காருங்கள். நெருங்கிப் போய் முகத்தை மட்டும் எடுப்பதற்கு முன்னால், நாலடி பின்னால் வந்து சுவரும் சாமானும் தெரிகிற மாதிரி ஒன்று எடுத்துவிடுங்கள். எண்ணெய்க் கறை படிந்த சுவிட்ச் போர்டு, கொடியில் தொங்குகிற சட்டை, மூடி தொலைந்த மிக்ஸி எல்லாம் இருக்கட்டும். இன்றைக்கு ஒதுக்கித் தள்ளுகிற அந்தச் சாமான்களைத்தான் இருபது வருஷம் கழித்து வீட்டார் தேடுவார்கள்.

இன்னொன்று, எடுக்கிறவர் படத்தில் இருக்கமாட்டார். அப்பா காலத்தில் கேமரா ஆண்கள் கையில் இருந்தது, அதனால் அப்பாக்கள் படத்தில் குறைவு. இப்போது பிள்ளைகளை எடுப்பது அம்மாக்கள். போனில் குழந்தை படம் ஆயிரக்கணக்கில் இருக்கும், அந்தக் குழந்தையைத் தூக்கி வளர்த்தவள் ஒன்றிரண்டில்கூட இருக்கமாட்டாள். போனைப் பத்து வயசுப் பிள்ளையிடம் கொடுத்து அம்மாவை எடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் நம்மைவிட நன்றாக எடுப்பார்கள். அவர்களுக்கு எது அசிங்கம், எது லட்சணம் என்று இன்னும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

எடுப்பது வேறு, ஊருக்குக் காட்டுவது வேறு. அமெரிக்காவில் ஸாலி மான் தன் மூன்று பிள்ளைகளைப் பண்ணை வீட்டில் எடுத்த படங்களை 1992இல் புத்தகமாக்கினார். சிலவற்றில் பிள்ளைகள் உடையில்லாமல் இருந்தார்கள் என்று எழுந்த சண்டை இன்றுவரை ஓயவில்லை. கலையா குற்றமா என்று அறிஞர்கள் பேசட்டும். நம் கணக்கு எளிது. குளிக்கிற பிள்ளை, அழுகிற பிள்ளை, படுக்கையில் கிடக்கிற தாத்தா ஆகியோரின் படம் வீட்டு ஆல்பத்துக்கு மட்டும். ஸ்டேட்டஸுக்கு அல்ல. விவரம் தெரிந்த பிள்ளை ‘அழித்துவிடு’ என்றால் அழித்துவிட வேண்டும்.

எடுத்ததை வைத்திருப்பதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கிப் போய்விடும். எடுத்த தேதி, நேரம் எல்லாம் உதிர்ந்துவிடும். மூலப்படத்தை இரண்டு இடத்தில் வையுங்கள். பழைய பிரிண்டுகள் இருந்தால் சிலது கவனிக்க வேண்டும். படத்தைக் கண்ணாடியில் நேரே ஒட்டி பிரேம் போட்டால் மழைக்காலத்து ஈரத்தில் அதன் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். நடுவில் அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். ஏற்கனவே ஒட்டிப்போயிருந்தால் பிய்க்காதீர்கள், கண்ணாடியோடே ஸ்கேன் பண்ணலாம். பசைப் பக்கமும் பிளாஸ்டிக் தாளுமாக வந்த ஆல்பங்களில் பசை மஞ்சளித்துப் படத்தைத் தின்னும். எழுபது எண்பதுகளின் கலர் படங்கள் பெட்டிக்குள் இருந்தும் சிவந்து போவதற்குக் காரணம், அந்தக் காலச் சாயங்களில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்குவது. அவற்றை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். நன்றாகக் கழுவிய கறுப்பு வெள்ளை இன்னும் காத்திருக்கும்.

படத்தின் பின்பக்கத்தில் யார், எங்கே, எந்த வருஷம் என்று மென்மையான பென்சிலால் ஓரமாக, அழுத்தாமல் எழுதுங்கள். வழவழப்பான பேப்பரில் பென்சில் பிடிக்காவிட்டால் போட்டோவுக்கென்று விற்கிற மார்க்கர் பேனா இருக்கிறது. பால்பாயின்ட் வேண்டாம், முன்பக்கம் புடைத்துக்கொள்ளும். ‘ஆச்சி’ என்று மட்டும் எழுதினால் உங்கள் பேரப்பிள்ளைக்கு எந்த ஆச்சி என்று தெரியாது, பெயரை எழுதுங்கள்.

வருஷத்துக்குப் பத்துப் படம் போதும். பிறந்தநாளும் தீபாவளியும் வேண்டாம், அதை யாராவது எப்படியும் எடுத்துவிடுவார்கள். வேலை நாள் காலையாக, வீட்டில் எல்லோரும் அவரவர் அவசரத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்து எடுத்துப் பிரிண்ட் போட்டு வையுங்கள். எங்கள் ஊரில் மேக்சி சைஸ் பிரிண்ட் ஒன்றுக்கு ஆகிற செலவு இன்றைக்கும் ஒரு டீக்காசை ஒட்டித்தான் வருகிறது.